55 என்ற எண்ணும் எடுக்கவிருந்த ஒரு பை இரத்தமும்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்கள் பலரைப் போல நானும் விடுமுறைக்கு ஊருக்கு வந்த கையோடு இரத்தப் பரிசோதனையை முடித்துக்கொள்ள நினைத்தேன். காலையில் கொடுத்தால் மாலையில் அறிக்கை வந்துவிடும் வேகம், நான் வாழும் நாட்டில் கனவிலும் கிடைக்காதது. ஆனால் ஹீமடோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு, 55 விழுக்காடு என்றிருந்த அந்தத் தாளைப் பார்த்ததும், மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒரு யூனிட் இரத்தத்தை உடனே எடுத்துவிடுமாறு இரத்த வங்கிக்குச் சீட்டு எழுதிவிட்டார். கடைசி ஊசி எப்போது, எத்தனை மில்லிகிராம், நீண்ட விமானப் பயணம் முடித்து வந்தவனா, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, புகைப்பழக்கம் உண்டா என்று ஒரு கேள்வியும் இல்லை. நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வீட்டு நிலவரம் முழுவதையும் கேட்ட பிறகே பேனாவைத் திறந்த அந்தக் காலத்துக் குடும்ப மருத்துவர்கள் எங்கே போனார்கள் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

55 அலட்சியப்படுத்தக்கூடிய எண் அன்று. இரத்தம் தடிப்பதைப் பற்றிய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையின் பாதுகாப்பைச் சோதித்து 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களிடம் நுரையீரல் இரத்தக்கட்டு சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. ஆனால் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டி, 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைத்து, எண் இறங்கிய பின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கவும், தூக்க மூச்சுத்தடை போன்ற காரணங்களைத் தேடவும் சொல்கிறது. இந்த ஹார்மோன் சிவப்பணு உற்பத்தியை முடுக்கும் எரித்ரோபொயட்டினைத் தூண்டி, இரும்பைத் தடுத்துவைக்கும் ஹெப்சிடினை அடக்கி, எலும்பு மச்சைக்கு இரும்பைத் தாராளமாகத் திறந்துவிடுகிறது. அதே அளவு ஊசி தொடரும்வரை, எடுத்த இரத்தம் மீண்டும் ஊறத்தான் செய்யும். ஒவ்வொரு யூனிட்டோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலைவிட்டுப் போகிறது. எடுத்துக்கொண்டே இருந்தால் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டின் வற்றி, எந்தச் சோர்வுக்காகச் சிகிச்சை தொடங்கினோமோ அதே சோர்வு வேறு வழியாகத் திரும்பி வருகிறது.

இத்தனையையும் எனக்காகக் கேட்டவர் இரத்த வங்கியில் இருந்த ஓர் இளம் தொழில்நுட்பப் பணியாளர். சீட்டைப் படித்தவர், "சார், எப்ப வந்தீங்க? ஃப்ளைட்ல தண்ணி சரியா குடிச்சீங்களா? போன தடவை கையில ரப்பர் பட்டையை ரொம்ப நேரம் கட்டி வச்சிருந்தாங்களா?" என்று கேட்டார். மூன்றாவது கேள்வியை எந்த நாட்டிலும் எவரும் என்னிடம் கேட்டதில்லை. பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் நீர்மம் நாளத்திலிருந்து கசிந்து, அணுக்கள் மட்டும் செறிந்து, எண் பொய்யாக ஏறும். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மாதிரி கொடுக்கலாம் என்றும், எழுதிய மருத்துவரிடம் தாமே பேசுவதாகவும் சொன்னார், பேசவும் செய்தார். நான் வாழும் நாட்டில் இதே கேள்விகள் அச்சிட்ட படிவமாக வருமே தவிர, மருத்துவரின் சீட்டை நிறுத்திவைத்து நோயாளிக்காகத் தொலைபேசியை எடுக்கும் பணியாளரை நான் கண்டதில்லை.

மறு மாதிரியில் 51 வந்தது. தலைவலி, பார்வை மங்கல் போன்ற அறிகுறிகள் இருந்து எண்ணும் இறங்காதிருந்தால் இரத்தம் எடுப்பதே சரி. வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்து உயர்ந்திருந்தால் எலும்பு மச்சையே சிவப்பணுக்களை மிகையாக உருவாக்கும் பாலிசைத்தீமியா வேரா நோயா என்றறிய ஜாக்2 மரபணுப் பரிசோதனையும் வேண்டும். எனக்கு அவை எதுவும் இல்லை. நான் வாழும் நாட்டில் உள்ள என் மருத்துவர், இரு வாரத்துக்கு ஒரு முறை போட்ட ஊசியின் மொத்த அளவைக் குறைத்து, வாரந்தோறும் சிறு பங்காகப் பிரித்துவிட்டார்; உச்சம் தணிந்தால் தூண்டுதலும் தணியும், போதாவிட்டால் ஊசிக்குப் பதில் தோலில் பூசும் களிம்புக்கு மாறலாம் என்றார். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அப்போது ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.