மெட்டாடேட்டா சேவை: பூஜ்யத்தைத் தொடாத கோடு

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எங்கள் சர்வர்களையும் கேப் டவுனுக்கு மாற்றப் போகிறோம். தான் எந்த இடத்தில் ஓடுகிறோம், என்ன அனுமதி இருக்கிறது என்று சர்வர் தெரிந்துகொள்ள அமேசான் கிளவுடின் மெட்டாடேட்டா சேவையை நம்பலாமா?"

நம்பலாம். டர்பன் துறைமுகத்துக்கு வரும் லாரிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் எங்களுடையது. லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த காலத்தில் அலுவலக சர்வர்களை மூடிவிட்டு, அமேசான் 2020ல் கேப் டவுனில் திறந்த கிளவுட் மையத்துக்குப் போனோம். அன்றிலிருந்து இந்தச் சேவையோடுதான் பிழைப்பு.

ஈசி2 (அமேசான் வாடகைக்குத் தரும் சர்வர்) ஒன்றுக்குள்ளிருந்து 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டால் சர்வரின் அடையாள எண், அது இருக்கும் மண்டலம், உள் ஐபி எல்லாம் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது, அமேசானின் மற்ற சேவைகளைத் திறக்க அது தரும் தற்காலிகச் சாவிகள். கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதி வைக்கும் வழக்கமே எங்களிடம் ஒழிந்துவிட்டது. சாவி காலாவதியாகும் முன்பே புதியது தயாராக இருக்கும், செயலியில் சேர்த்திருக்கும் அமேசானின் நிரல் நூலகமே (லைப்ரரி) அதை வாங்கிக்கொள்ளும். ஒரே இமேஜை (சர்வரின் அச்சு நகல்) கேப் டவுனிலும் அயர்லாந்திலும் ஏற்றுகிறோம். தான் எங்கே எழுந்திருக்கிறோம் என்று சர்வர் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தந்த ஊர் டேட்டாபேஸோடு அதுவே சேர்ந்துகொள்கிறது. முதல் தடவை பார்த்தபோது மனம் நிறைந்துபோனது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

இந்தச் சேவையின் பழைய பதிப்பில், சர்வருக்குள்ளிருந்து யார் கேட்டாலும் பதில் வரும். செயலியில் ஓர் ஓட்டை இருந்தால், வெளியாள் அதன் வழியாக சர்வரையே கேட்க வைத்துச் சாவியை வாங்கிவிடலாம். 2019ல் கேபிடல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இந்த வழியில்தான் களவு போயின. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தது: முதலில் ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு மாதிரி) வாங்க வேண்டும், அதைக் காட்டித்தான் எதையும் கேட்க முடியும். ஒரு டோக்கனுக்கு அதிகபட்சம் 6 மணி நேர ஆயுள். ஆனால் ஏற்கெனவே ஓடும் சர்வர்களில் பழைய பதிப்பின் கதவை நாமாக அடைத்தால்தான் அடையும். டோக்கன் இல்லாமல் எத்தனை கேள்விகள் வருகின்றன என்று அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் ஒரு கோடு போட்டுக் காட்டும். அது பூஜ்யத்துக்கு வந்த பிறகு அடைத்தால் எதுவும் உடையாது.

எங்கள் கோடு பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. எங்கள் செயலிகள் எல்லாம் டோக்கனோடுதான் கேட்கின்றன. காசு கொடுத்து வாங்கிய ஒரு கண்காணிப்பு மென்பொருள் மட்டும் இன்னும் பழைய முறையிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது. எழுதிக் கேட்டால் "அடுத்த வெளியீட்டில்" என்கிறார்கள். அடுத்த வெளியீடும் வந்தது, கோடு அப்படியேதான் ஓடுகிறது. காவல் காக்க வாங்கிய பொருளுக்காகவே கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நியாயமாகச் சொன்னால் இது மெட்டாடேட்டா சேவையின் குற்றம் இல்லை. 2024 மார்ச்சிலிருந்து, புதிதாக ஏற்றும் எல்லா சர்வர்களுக்கும் இரண்டாம் பதிப்பு மட்டும்தான் என்று கணக்கு அளவிலேயே வைத்துவிடலாம். தம்பி முதல் நாளே அதைச் செய்துவிட வேண்டும். அப்புறம், சர்வருக்குள் கன்டெய்னர்கள் (துறைமுகப் பெட்டி இல்லை, செயலியைத் தனியாக அடைத்து ஓட்டும் மென்பொருள் பெட்டி) ஓட்டினால் ஹாப் வரம்பை, அதாவது பதில் எத்தனை தாவல் தாண்டலாம் என்ற எண்ணை, 2 ஆக்க வேண்டும். 1 என்று இருந்தால் டோக்கன் கன்டெய்னருக்குள் வந்து சேராது.

இவ்வளவு புகழ்ந்தும் இன்றைக்கு 5க்கு 2தான் கொடுப்பேன். அந்த மென்பொருளின் ஒப்பந்தம் முடியட்டும், கதவை அடைத்துவிட்டு மறுபடி மதிப்பெண் போடுகிறேன்.