அரை மூடித் தேங்காய் எங்கே கிடைக்கும்?

எங்கள் வீட்டில் மளிகைச் சாமான் மூன்று இடத்திலிருந்து வருகிறது: தெருமுனை அண்ணாச்சி கடை, மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட், அப்புறம் கைப்பேசியில் இருக்கும் பத்து நிமிட டெலிவரி ஆப்.

மாதச் சாமானில் போட்டியே கிடையாது, சூப்பர் மார்க்கெட்தான். கம்பெனியிடமே மொத்தமாக எடுப்பதால் எம்.ஆர்.பி.யில் குறைத்துத் தர முடிகிறது. அண்ணாச்சிக்கு ஏஜென்சிக்காரர் கை மாறித்தான் சரக்கு வரும். என்ன, நாலு சாமான் வாங்கப் போய் பதினாலு சாமானோடு திரும்புவோம்.

ராத்திரி பத்தரை மணிக்குக் குழந்தைக்கு டயப்பர் தீர்ந்தால் ஆப்தான். குரோஃபர்ஸ் என்ற மளிகை ஆப் 2021 டிசம்பரில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. செப்டோவும் அதே ஆண்டில் வந்ததுதான். வாடிக்கையாளர் யாரும் நுழையாத சின்னக் கிடங்குகளை ('டார்க் ஸ்டோர்' என்கிறார்கள்) குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் அந்த வேகத்தின் சூட்சுமம். ஆனால் சின்ன ஆர்டர் என்றால் பில்லின் அடியைப் பாருங்கள்: டெலிவரி, ஹேண்ட்லிங் என்று ஒவ்வொன்றாக ஏறியிருக்கும். முப்பது ரூபாய் சாமானுக்கு அது கட்டுப்படியாகாது.

போன மாதம் ஒரு ஆப்பில் தேங்காய் வாங்கினேன். உடைத்தால் அழுகல். போட்டோ எடுத்து அனுப்பினேன். பணம் உடனே திரும்பி வந்துவிட்டது, குறை சொல்ல முடியாது. ஆனால் அடுப்பில் குழம்பு கொதிக்கிறதே! அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்து, கல்லில் தட்டி உடைத்து, முகர்ந்துவிட்டு ஒரு மூடியை நீட்டினார். மறு மூடி வேறு யாருக்கோ. காசு? நோட்டில் எழுதிக்கொண்டார்.

அரை மூடி, ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை, நூறு கிராம் பருப்பு, மாதக் கணக்கு: இதெல்லாம் மற்ற இரண்டிலும் நடக்காது. ஷாம்பு சாஷேயும் இந்தக் கடைகளின் சொத்துதான். கடலூர்க்காரர் ஒருவர் 1983-இல் தொடங்கிய கம்பெனியின் சிக் ஷாம்பு, பெட்டிக்கடைத் தோரணங்களில் தொங்கித்தான் ஊர் ஊராகப் போனது.

அப்படியென்றால் அண்ணாச்சிக்குப் பயமில்லையா? இருக்கிறது, ஆனால் பலர் நினைக்கிற இடத்தில் இல்லை. பிஸ்கட், சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் என்று எடை போடாமல், கடன் சொல்லாமல், சட்டென்று காசாகும் சாமானை ஆப் கொண்டுபோகிறது. அண்ணாச்சிக்கு மிஞ்சுவது பொட்டலமும் நோட்டும். கறிவேப்பிலை விற்ற காசில் கடை வாடகை கட்ட முடியுமா? சூப்பர் மார்க்கெட் வந்தபோதுகூட இவ்வளவு அடி விழவில்லை. அங்கே போக நாம் வண்டி எடுக்க வேண்டியிருந்ததால், அவசரச் சாமான் எல்லாம் தெருமுனையிலேயே நின்றது. இப்போது அந்த அவசரத்திலேயே கை வைத்திருக்கிறார்கள்.

நான் செய்திருக்கும் ஏற்பாடு இதுதான். மாதச் சாமான் சூப்பர் மார்க்கெட்டில். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆப். பால், முட்டை, தோசை மாவு, பிஸ்கட் அண்ணாச்சியிடம். பிஸ்கட்டை மட்டும் வேண்டுமென்றே அங்கே மாற்றினேன்.