சி6டி6 டிடெக்டர்: நியூட்ரானைக் கண்டுகொள்ளாத கண்

மூன்று வருடமாக இந்த டிடெக்டரோடுதான் குடித்தனம். பார்த்தால் பெரிய விஷயமாகத் தெரியாது. கரிநார் உறை, உள்ளே டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய பென்சீன் திரவம், அதுதான் சி6டி6. பின்னால், திரவத்தில் மின்னும் ஒளியை மின்துடிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய். அவ்வளவுதான்.

ஜெனீவா பக்கம் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில், நியூட்ரான் ஓடிவரும் நேரத்தை அளக்கும் என்-டாஃப் கூடம் இருக்கிறது. புரோட்டான் துடிப்பு ஈயக் கட்டியில் மோதும். தெறிக்கும் நியூட்ரான்கள் 185 மீட்டர் ஓடிவந்து நாம் ஆராயும் பொருளை, அதாவது மாதிரியைத் தொடும். 30 கேஇவி (ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் கொண்ட நியூட்ரான் 80 மைக்ரோசெகண்டுக்குள் வந்துவிடும், வெறும் 4.9 இவி (எலெக்ட்ரான் வோல்ட்) நியூட்ரானுக்கு 6 மில்லிசெகண்ட் ஆகும். வந்த நேரம் தெரிந்தால் ஆற்றல் தெரிந்துவிடும். நியூட்ரானை விழுங்கிய அணுக்கரு காமா கதிர்களை ஏப்பம் விடும். அதைப் பிடிப்பதுதான் டிடெக்டரின் வேலை.

சிக்கல் எங்கே என்றால், விழுங்கப்படாமல் சிதறும் நியூட்ரான்கள்தான். அவை டிடெக்டருக்குள்ளேயே புகுந்து பிடிபட்டால் போலி காமா கிளம்பும். சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானை லபக்கென்று பிடித்துக்கொள்ளும், டியூட்டீரியம் ஏறக்குறைய சீண்டவே சீண்டாது. கரிநார் உறையும் அதே காரணத்துக்குத்தான். சீரியம்-140 மாதிரி 82 நியூட்ரான் கொண்ட அணுக்கருக்களில் பிடிப்பு அபூர்வம், சிதறலோ ஏராளம். முதிர்ந்த சிவப்பு நட்சத்திரங்களில் இரும்பிலிருந்து மெல்ல மெல்லக் கனமான தனிமங்கள் உருவாகும் பாதையில் அது ஒரு குறுகலான சந்து. என்-டாஃபில் சீரியம்-140-இன் பிடிப்பை அளந்து 2024-இல் வெளியிட்டார்கள்: நட்சத்திர வெப்பநிலையில் பிடிப்பு வாய்ப்பு முன்பு நம்பியதைவிட 40 சதவீதம் வரை அதிகம். அதாவது, நட்சத்திரத்தில் சீரியம் மிஞ்சும் அளவு குறையும். இந்த இடத்தில் வேறு டிடெக்டரை நான் நம்பமாட்டேன். மாதிரியைச் சுற்றி 40 பேரியம் ஃப்ளூரைடு படிகங்களை அடுக்கிய அமைப்பு காமாவை ஒன்றுவிடாமல் பிடிக்கும், ஆனால் சிதறும் நியூட்ரானுக்கும் அது வாய் திறக்கும்.

குறைகளும் உண்டு. ஒரு பிடிப்பில் எத்தனை காமா வந்தாலும் இது பெரும்பாலும் ஒன்றைத்தான் பார்க்கும். அதனால் டிடெக்டர் தரும் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் அதன் உயரத்துக்கேற்ற எடை போட்டுத்தான் கணக்கே ஆரம்பிக்கும். திறன் குறைவு என்பதால் வாரக்கணக்கில் பீம் (நியூட்ரான் கற்றை) வேண்டும். உள்ளே இருப்பது பென்சீன். நச்சு, தீப்பற்றும், கசிந்தால் விளையாட்டில்லை. ஒளிப்பெருக்கியின் பெருக்கும் அளவும் நைசாக மாறிவிடும். ஒரு திங்கட்கிழமை சோம்பலில் ஆற்றல் தெரிந்த காமா தரும் சீசியம்-137 வைத்துச் சரிபார்ப்பதை விட்டுவிட்டேன். மின்துடிப்பின் உயரம் சறுக்கியது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் டிடெக்டரைத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கதிரியக்க மாதிரியை, ஈயக் கட்டியிலிருந்து 20 மீட்டர் கிட்டத்தில் வைத்து அளக்க வேண்டும் என்றால் இந்தப் பெரிய டிடெக்டர் திணறும். அங்கே 49 மில்லிலிட்டர் குட்டி சி6டி6 டிடெக்டர்களை அடுக்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் முதலில் தங்கத் தகட்டை வையுங்கள். தங்கம் 4.9 இவி நியூட்ரான்களை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும், அதனால் அங்கே வரைபடத்தின் உச்சி தட்டையாக வரவேண்டும். அது வந்த பிறகு உங்கள் மாதிரியை மாட்டலாம்.