வைகைக் கரையும் ஆரஞ்சு ஃபில்டரும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மதுரையைப் படம் எடுக்க எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, லென்ஸின் முன் மாட்டும் வண்ணக் கண்ணாடியான ஆரஞ்சு ஃபில்டரைச் சொல்லிவிடுவேன். பல ஆண்டுகளாக இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் என்னும் 400 வேக ஃபிலிமைப் போட்டு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று ஃபில்டர்களையும் மாற்றி மாற்றி மாட்டி, வைகையின் வடகரையிலிருந்து ஊரை எடுத்துவருகிறேன். இப்போதெல்லாம் ஆரஞ்சைக் கழற்றுவதே அபூர்வம்.

வானத்துக்காக அல்ல, கோபுரத்துக்காக. நம் ஊர்க் கோபுரங்கள் வெறும் கல்லும் காரையும் அல்ல. வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள் அடுக்கடுக்காக நிற்பவை. சிவப்பு ஃபில்டர் சிவப்பை வெளுக்க வைக்கும். நீலத்தையும் பச்சையையும் கறுக்கடிக்கும். பச்சை மேனி மீனாட்சியும் நீல மேனிப் பெருமாளும் முகமே தெரியாமல் இருண்டுபோவார்கள். சந்தேகம் இருந்தால் கோயில் மதிலின் காவி, வெள்ளைப் பட்டைகளை அதே ஃபில்டரில் எடுத்துப் பாருங்கள். பட்டைகள் கிட்டத்தட்ட ஒன்றாகக் கலந்துவிடும். ஆரஞ்சு அந்த அளவுக்குப் போகாது. வானத்தை ஓரளவு இருளச் செய்யும், சிற்பங்களின் வேறுபாட்டையும் விட்டுவைக்கும். அதற்கான விலை இரண்டு ஸ்டாப் வெளிச்சம், சிவப்புக்கு மூன்று (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). 400 வேக ஃபிலிம் (எண் பெரிதானால் குறைந்த வெளிச்சமே போதும்) ஆரஞ்சில் 100 போலவும் சிவப்பில் 50 போலவும் நடந்துகொள்ளும். விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த ஒரு ஸ்டாப் வித்தியாசம் பெரிது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த ஃபில்டரும் இல்லாத நீலத்தை உண்டாக்காது. பங்குனி வெயிலில் வெளிறிக் கிடக்கும் வானம் ஃபில்டர் போட்டாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காலையில் போங்கள். தூசி அடங்கி, வானம் கழுவிவிட்டது போல இருக்கும். ஆற்றிலும் தண்ணீர் ஓடும்.

பருவத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு. வடகரையில் நின்றால் நாம் பார்ப்பது கோபுரங்களின் வடக்கு முகத்தை. மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் பின்பகுதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். சிற்பங்கள் தெரிய வேண்டுமென்றால் அந்த மாதங்களின் காலையும் மாலையும்தான் சரி. மார்கழியில் அந்த முகம் நாள் முழுவதும் நிழலில் கிடக்கும்; அப்போது நிழலுருவமாக எடுப்பதே நல்லது. மொட்டைக் கோபுரம் என்று நாம் சொல்லும் வடக்குக் கோபுரத்தில் சிற்பங்கள் குறைவு. பக்கவாட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் அது தட்டையான சாம்பல் பலகையாகிவிடும்.

லென்ஸ் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1889இல் வைகையின் மேல் திறக்கப்பட்ட ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தின் பக்கம் நின்று 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால், நெகட்டிவில் கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். மீதியெல்லாம் தண்ணீர்த் தொட்டிகளும் செல்போன் கோபுரங்களும். தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் 135 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். பிறகு கரையோரம் சில அடிகள் நகர்ந்து, கோபுரங்கள் ஒன்றையொன்று மறைக்காத இடத்தைத் தேடுங்கள். அந்தச் சில அடிகளில்தான் படமே இருக்கிறது. தண்ணீர் அசையாமல் நின்றால் நீர்க்கோட்டை நடுவில் வைக்கலாம். ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் அதைக் கீழ் விளிம்பில் ஒரு பட்டையாக மட்டும் விடுங்கள். ஆரஞ்சில் பச்சை சற்று இருளும், அடித்தளம் போல அமையும். பிரதிபலிப்பு மட்டும் போதும் என்பவர்கள் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போகலாம். மைய மண்டபம் அதற்கென்றே நிற்கிறது.

டோனிங்கில், அதாவது பிரிண்டின் நிறத்தை ரசாயனத்தால் மாற்றுவதில், எனக்குப் பிடித்தது வெளிச்சப் பகுதிகளை மட்டும் பழுப்பாக்கும் அரைச் செபியா. பிரிண்டைப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, பொட்டாசியம் புரோமைடு கலந்த கரைசலில் இட்டால், முதலில் வெளிச்சப் பகுதிகளே வெளுக்கும். ஆற்றின் மினுக்கம் மங்கத் தொடங்கியதும் எடுத்து நன்றாகக் கழுவி, தயோயூரியா டோனரில் போடுகிறேன். தண்ணீரின் வெளிச்சம் இளஞ்சூடான பழுப்புக்குத் திரும்பும், கோபுரம் கறுப்பாகவே நிற்கும். சோடியம் சல்ஃபைடும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அழுகிய முட்டை நாற்றம் வீட்டை நிறைத்துவிடும். பின்னர் 1:20 (ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர்) செலினியம் டோனரில் சிறிது நேரம் வைத்தால் கறுப்பு இன்னும் ஆழமாகும். செலினியம் நச்சு, கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிப்பதால் வெளுப்பு சட்டென்று நடந்துவிடும். கரைசலை வழக்கத்தைவிட நீர்க்கக் கலந்துகொண்டால், சரியான நொடியில் எடுக்க அவகாசம் கிடைக்கும்.

கணினியில் செய்பவர்களும் சிவப்பு, நீல நிறங்களின் அளவை மாற்றி ஃபில்டர் தரும் விளைவைப் பெறலாம். ஆனால் நீலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் வானத்தில் புள்ளிகளும் கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடும் வந்துவிடும்.

வாங்கும்போது உங்களிடம் உள்ள லென்ஸ்களில் முன்பக்க விட்டம் மிகப் பெரியதன் அளவுக்கு ஒரே ஃபில்டராக வாங்கி, மற்றவற்றுக்கு அடாப்டர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.