குறும்படக் காயத்துக்கு லேடெக்ஸா, ஜெலட்டினா?

நாயகன் கன்னத்தில் ஒரு வெட்டுக்காயம். படம் முழுக்க அது இருக்க வேண்டும். மேக்கப்புக்கு என்று ஒதுக்கப் பணம் இல்லை. இந்த நிலையில் கைக்கு எட்டுபவை மூன்று: மேக்கப் மெழுகு, திரவ லேடெக்ஸ் (ரப்பர் பால்), ஜெலட்டின்.

மெழுகைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் வேலை முடியும். நெற்றி, மூக்குத்தண்டு போல அதிகம் அசையாத இடத்துக்குச் சரி. கன்னத்தில் வைத்தால் நாலு வரி வசனம் பேசுவதற்குள் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

எங்கள் முதல் படத்துக்கு லேடெக்ஸ்தான். ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றி, மேலே டிஷ்யூவின் ஒற்றைத் தாள், மறுபடி லேடெக்ஸ். காய்ந்ததும் நடுவில் கிழித்துச் சிவப்பு பூசினால் காயம் தயார். வியர்வைக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். தாடி, புருவத்தில் பட்டால் உரிக்கும்போது முடியும் கூடவே வரும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு, அதனால் முந்தின நாளே முன்கையில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். என்னைக் கவிழ்த்தது கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமலிருப்பது. கதவைத் திறக்கும் ஷாட்டை முதல் நாள் எடுத்தோம், உள்ளே நுழையும் ஷாட்டை மூன்றாம் நாள். போனில் படம் எடுத்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒட்டினேன். எடிட்டிங்கில் பார்த்தால், வாசலில் கன்ன எலும்பருகே இருந்த காயம் உள்ளே வருவதற்குள் தாடைப் பக்கம் இறங்கிவிட்டது! லேடெக்ஸில் ஒவ்வொரு நாளும் காயத்தைப் புதிதாகக் கட்டுகிறோம். நேற்றைய கிழிசல் இன்றைக்கு வராது.

அடுத்த படத்துக்கு ஜெலட்டினுக்கு மாறினேன். களிமண்ணில் காயத்தை ஒருமுறை செதுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுத்தேன். அச்சுக்குள் மெல்லிசாக வாசலின். ஜெலட்டின், கிளிசரின், தண்ணீர் மூன்றையும் சம அளவில் தொடங்கி, கொதிக்கவிடாமல் உருக்கி ஊற்ற வேண்டும். நடிகரின் ஃபவுண்டேஷனில் ஒரு துளியை அதிலேயே கலந்துவிட்டால், மேல்பூச்சு உரிந்தாலும் வெளுத்துத் தெரியாது. ஓரத்தை வெந்நீர் தொட்ட பிரஷால் நீவினால் தோலோடு கரைந்துவிடும். ஒரு மாலையில் ஆறு துண்டு. எல்லாம் ஒரே அச்சு, ஒரே காயம். பிய்ந்ததைத் திரும்ப உருக்கலாம். இடம் மாறாமலிருக்க, துண்டின் மேல்முனை நடிகரின் கன்னத்து மச்சத்தைத் தொடும்படி செதுக்கியிருந்தேன். மச்சம் நகராதே!

லேடெக்ஸையும் அச்சில் ஊற்றலாம். நான் ஒருமுறைதான் முயன்றேன், ஓரம் தடித்துப்போனது. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது நன்றாகவே வரக்கூடும்.

ஜெலட்டினின் எதிரி சூடு. வெறும் தண்ணீரில் கட்டிய ஜெலட்டின் 35 டிகிரிக்குள் இளகிவிடும், நம் உடம்பே 37 டிகிரி. தண்ணீரைக் குறைத்துக் கிளிசரினைக் கூட்டினால் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் வெயிலில் ஓடுகிற காட்சி, மழைக் காட்சி என்றால் நான் இப்போதும் லேடெக்ஸைத்தான் எடுப்பேன்.

அப்புறம், ஜெலட்டின் மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பிலிருந்து வருவது. நடிகரிடம் ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் ஒட்டிய பிறகு சொன்னேன். அடுத்த ஷாட் முழுக்க மனுஷர் வாயையே திறக்கவில்லை.