14416 டெலி மானஸ்: மெடிக்கல் மாணவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

புதுச்சேரி ஹாஸ்டல்களில் இருக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்களும் பி.ஜி.க்களும் இந்த எண்ணை போனில் சேமித்து வைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், இலவசம். 24 மணி நேரமும் உண்டு என்பதால் நைட் டூட்டிக்காரர்களுக்கும் தோதுப்படும். மொழியைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் கவுன்சிலர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். வடநாட்டு ரூம்மேட்டுக்கு இந்தியிலும் கிடைக்கும்.

சொந்தக் கல்லூரியின் சைக்யாட்ரி ஓ.பி.க்குப் போகப் பலருக்குத் தயக்கம். நாளைக்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எதிரே உட்காரப்போவது அதே டாக்டராச்சே! அவர்களுக்கு இது நல்ல வழி.

சொதப்புவது டூட்டி ரூமிலிருந்து பேசும்போதுதான்; பாதியில் வார்டில் கூப்பிடுவார்கள். சாயங்காலம் வண்டி நுழையாத பீச் ரோடு தேவலாம். "ஸ்ட்ரெஸ்" என்று மொட்டையாகச் சொல்லாமல், எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை வாரமாக, சாப்பாடு இறங்குகிறதா என்று கேஸ் ஹிஸ்டரி போலச் சொல்லுங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பி.எச்.க்யூ-9 போட்டுப் பார்த்து, 27-க்கு 10 அல்லது மேலே வந்தால் நேரில் காட்ட வேண்டும். சாவு எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' தவிர வேறு பதில் என்றால் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். நண்பரோடு உடனே கேஷுவால்டிக்குப் போங்கள்.

டூட்டி நேரத்தை இந்த எண் குறைக்காது. வாரம் 74 மணி நேரத்துக்கு மிகாத வேலை, ஒரு நாள் விடுமுறை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் பரிந்துரைத்ததை துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம்தான் கேட்க வேண்டும்.