பில்லில் 'பிரஷர் டெஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் கையில் வாட்ச் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிற எல்லோருக்கும் இந்தப் பதிவு. ராமநாதபுரம் டவுனில் ஒரு வாட்ச் கடையில் என் டைவிங் வாட்சைச் சர்வீசுக்குக் கொடுத்தேன். தண்ணீர் புகுமா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்கிற 'பிரஷர் டெஸ்ட்' உட்பட, செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, செய்ததாகப் பில்லும் எழுதிக் கொடுத்தார்கள். வாட்ச் உள்ளே உப்புத் தண்ணீர் போய்ப் பாழாகிவிட்டது. புகார் கொடுத்திருக்கிறேன், அது விசாரணைக்கு வரும்வரை கடையின் பெயரை எழுதப் போவதில்லை.

வாட்ச், சீக்கோ எஸ்கேஎக்ஸ்007. 1996இல் வந்த மாடல், இப்போது தயாரிப்பில் இல்லை. எனக்கு அதைவிடப் பிடித்த வாட்ச் கிடையாது. பேட்டரி கிடையாது, கை அசைவிலேயே ஓடும். நான்கு மணிக்கு நேராகத் திருகி மூடுகிற சாவி. இருட்டில் முள்ளும் புள்ளிகளும் பச்சையாகத் தெரியும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசல் வளையம் ஒரே பக்கம்தான் சுற்றும். கடலில் எதிலாவது இடித்துத் தள்ளிப்போனாலும், நாம் தண்ணீருக்குள் இருந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டுமே தவிர குறைத்துக் காட்டாது. இந்த ஒரு அமைப்புக்காகவே அதை வடிவமைத்தவர்களைக் கும்பிடலாம். ஆழத்தையும் நேரத்தையும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் இருக்கும்போது வாட்ச் எதற்கு என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் நடுவில் அணைந்துபோனால், எத்தனை நிமிடம் உள்ளே இருந்தோம் என்று சொல்ல மணிக்கட்டில் இன்னொன்று வேண்டும். இங்கே ஆழம் குறைவு. ஆனால் அந்தமான் போகும்போது, மேலே வருமுன் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை நான் இதைப் பார்த்துத்தான் எண்ணுவேன்.

நாளுக்குச் சில நிமிடம் பின்தங்க ஆரம்பித்ததால் சர்வீசுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே தெளிவாகச் சொன்னேன்: "அண்ணே, இது கடலுக்குப் போற வாட்ச். வாஷர் எல்லாத்தையும் மாத்திட்டு, பிரஷர் டெஸ்ட் பண்ணித்தான் தரணும்." கடைக்காரர், "மெஷின் உள்ளே இருக்கு சார், பத்து பார் வரைக்கும் வெச்சுப் பாத்துருவோம்" என்றார். பார் என்பது அழுத்தத்தின் அளவு. திருப்பி வாங்கும்போது பில்லில் 'வாஷர் செட்', 'பிரஷர் டெஸ்ட் ஓகே' என்று தனித்தனி வரி, தனித்தனித் தொகை. மொத்தம் 2,400 ரூபாய். கடை முத்திரையும் இருக்கிறது.

அது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலம். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிக் கிடந்ததால் ராமேஸ்வரத்தில் வடகடல் பக்கம் இறங்கினோம். அங்கே பாக் விரிகுடா அந்தப் பருவத்தில் குளம் மாதிரி இருக்கும். ஆழம் சில மீட்டர்தான். மேலே ஏறி வள்ளத்தில் உட்கார்ந்ததும் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருப்பதைப் பார்த்தேன். வெயில் ஏற ஏற அது துளியாகத் திரண்டு டயலில் இறங்கியது. வள்ளம் ஓட்டிய அண்ணன் எட்டிப் பார்த்து, "உப்புத் தண்ணி தம்பி, இன்னைக்கே திறக்கலைன்னா எல்லாம் துருவாப் போயிரும்" என்றார். அவர் சொன்னது சரிதான். நன்னீர் போனால் உலர்த்திக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கடல் தண்ணீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் வெயிலில் காயவைப்பதும் இதற்கு உதவாது.

நேராக அந்தக் கடைக்கே போனேன். முதலில் "கடல் தண்ணி பட்டா அப்படித்தான் சார்" என்றார்கள். 200 மீட்டர் வாட்ச் என்று காட்டியதும், "அது நீச்சலுக்குத்தான்" என்றார்கள். இது முழுப் பொய். 50 மீட்டர், 100 மீட்டர் என்று போட்ட சாதாரண வாட்சுக்கு அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். டயலில் 'டைவர்ஸ் 200 எம்' என்று போட, டைவிங் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரத்தின்படி தேற வேண்டும். குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்துத்தான் அந்தப் பெயரைப் போடுவார்கள். அடுத்து, "வாட்ச் பழசு, பாடியே போயிருக்கும்" என்றார்கள். சரி, பிரஷர் டெஸ்ட் செய்த மெஷினைக் காட்டுங்கள் என்றேன். "அது ரிப்பேர், அதனால மதுரைக்கு அனுப்பித்தான் செஞ்சோம்" என்று பதில் வந்தது. மதுரையில் எங்கே, அதற்கான சீட்டு எங்கே என்று கேட்டால் பதிலே இல்லை.

அன்றே மதுரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பழைய வாட்ச் மெக்கானிக் என் கண் முன்னால் திறந்து காட்டினார். பின்மூடியின் வாஷர் சப்பையாக நசுங்கி, விளிம்பில் உப்புப் படிந்திருந்தது. புது வாஷரில் இத்தனை நாள் உப்பு படிந்திருக்க வழியே இல்லை. ஒரு இடத்தில் அது மூடியின் மரைக்குள் சிக்கி அறுந்திருந்தது. சாவிக்குள் இருக்கும் வாஷர் கல்லாக இறுகியிருந்தது. வாஷருக்குத் தடவுகிற சிலிகான் கிரீஸ் தொட்ட தடயமே கிடையாது. பின்மூடியில் சீக்கோ பொறித்திருக்கும் அலைச் சின்னத்தின் மேல் கருவி வழுக்கிய கீறல்கள் வேறு.

அவர் செய்த அடுத்த வேலைதான் முக்கியம். இயந்திரத்தை வெளியே எடுத்துவிட்டு, வெறும் கூட்டில் புது வாஷர்களைப் போட்டு மூடி, சோதனைக் கருவியில் தொங்கவிட்டார். கண்ணாடிக் குழாய் மாதிரியான கருவி. பாதி தண்ணீர், பாதி காற்று. முதலில் வாட்ச் காற்றுப் பகுதியில் இருக்க, உள்ளே அழுத்தம் ஏற்றுவார்கள். கூட்டில் ஓட்டை இருந்தால் அழுத்தக் காற்று உள்ளே புகுந்துவிடும். பிறகு வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தைக் குறைத்தால், உள்ளே புகுந்த காற்று குமிழியாக வெளியே வரும். என் கூட்டிலிருந்து ஒரு குமிழி வரவில்லை. பாடி போகவில்லை, வாஷரைத்தான் மாற்றவில்லை. இதை அவர் தன் கடைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த மாதிரி மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

இதில் எனக்குக் கோபம் வருவது 2,400 ரூபாய்க்காக அல்ல. டயலில் இருக்கும் 200 மீட்டர் என்பது தொழிற்சாலையில் மூடியபோது இருந்த நிலை. பின்மூடியை ஒருமுறை திறந்துவிட்டால், கடைசியாக மூடியவர் எப்படி மூடினாரோ அவ்வளவுதான் அந்த வாட்சின் ஆழம். அதைத் தண்ணீருக்குள் நம்பி நேரம் பார்க்கப் போகிறவனிடம் "டெஸ்ட் ஓகே" என்று பொய் எழுதிக் கொடுப்பது சாதாரண ஏமாற்று இல்லை.

ஆகவே, பேட்டரி மாற்றுவதாக இருந்தாலும் சரி, உங்கள் முன்னாலேயே டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கஸ்டமரை உள்ளே விட மாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள். மாற்றிய பழைய வாஷர்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். வாட்சை 40 டிகிரி அளவுக்கு, அதாவது தொட்டால் இளஞ்சூடாக இருக்கிற அளவுக்குப் பத்து நிமிடம் வெதுவெதுப்பாக வைத்து, கண்ணாடி மேல் குளிர்ந்த நீர் ஒரு துளி விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் ஆவி தெரிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, புதிதாக வாங்குகிறவர்களுக்கு. 2019இல் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ், பார்ப்பதற்கு என் வாட்ச் மாதிரியே இருக்கும். பெசலும் உண்டு. ஆனால் அது 100 மீட்டர், சாவி திருகி மூடாது, டைவர்ஸ் என்ற பெயரும் டயலில் இருக்காது. அதை டைவிங் வாட்ச் என்று இதே கடையில் இன்னொருவருக்கு விற்பதைக் கேட்டேன். நல்ல வாட்ச்தான், வேலைக்குப் போட்டுக்கொள்ளலாம். டேங்க் கட்டி இறங்க அது வேண்டாம்.

சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டால் போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ராமநாதபுரத்தில் வேறு யாருக்காவது இப்படிப் 'பிரஷர் டெஸ்ட்' பில் கொடுத்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாட்சை வேறு இடத்தில் திறந்து பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.